மோட்டார்சைக்கிள் டிரெய்லரில் ஸ்டெப்னியும் மற்ற சாமான்களும்: எதை, எங்கே, எந்த வரிசையில் பொருத்துவது

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பைக்கை ஏற்றிப் போகிறவர்கள் பலரிடம் இருப்பது நான்கடி அகலம், எட்டடி நீளமுள்ள சின்ன டிரெய்லர்தான். பிரித்த பாகங்களாகப் பெட்டியில் வரும். வீட்டு கராஜிலேயே போல்ட் போட்டு மாட்டிவிடலாம். மேலே ஒரு பிளைவுட் தளம் போட்டால் ஒரு ராயல் என்ஃபீல்டு 650-ஐ சிரமமில்லாமல் சுமக்கும். ஆனால் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் ஸ்டெப்னி இருக்காது, அதை மாட்டும் பிராக்கெட்டும் இருக்காது, பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வீல் சாக்கும் இருக்காது. எல்லாவற்றையும் நாமேதான் வாங்கிச் சேர்க்க வேண்டும்.

இந்த டிரெய்லர்களின் டயர் சின்னது. 4.80-12 என்ற அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 21 அங்குலம். சாதாரண கார் டயர் 26, 27 அங்குலம் இருக்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் கார் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 760 சுற்று சுற்றும்போது டிரெய்லர் சக்கரம் 960 சுற்று சுற்றுகிறது. டயரும் அதிகம் சூடாகும், பேரிங்கும் அதிகம் உழைக்கும். டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் டீல்ஸ் கேப் சாலையின் 11 மைலில் 318 வளைவுகள். அந்த வளைவுகளை பைக்கில் அனுபவிக்க நாடெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள், நிறையப் பேர் பைக்கை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு. வரும் வழியெல்லாம் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை. லாரிகள் பறக்கிற அந்தச் சாலையோரத்தில் டயர் போய், பைக்கோடு நிற்கிற நிலை எனக்குத் தெரிந்த யாருக்கும் வரக் கூடாது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதில் பலரும் யோசிக்காமல் விடுவது வரிசையை. வீல் சாக்கை முதலில் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள், அப்புறம் ஸ்டெப்னி, அப்புறம் சாமான் பெட்டி. சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்டி எல்லாம் தத்தம் இடத்துக்குப் போன பிறகுதான் பைக் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். காரணம் எடைக் கணக்கு.

டிரில்லை எடுக்கும் முன் எடைக் கணக்கு

காரோடு இணைக்க டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டத்தை டங் என்கிறோம். அதன் நுனியில் இருக்கும் கப்ளர், காரின் ஹிட்ச் பந்தின் மேல் எவ்வளவு எடையை அழுத்துகிறதோ அதுதான் டங் வெயிட். சுமையோடு சேர்ந்த மொத்த டிரெய்லர் எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும், ஆட ஆரம்பித்ததை அடக்குவது கடினம். 15-ஐ மிகவும் தாண்டினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். சின்னக் கார்களில் வழக்கமாக மாட்டும் கிளாஸ் 1 ஹிட்சுக்கு டங் வெயிட் வரம்பே 200 பவுண்டு, இழுக்கும் எடை 2,000 பவுண்டு. காரின் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் கையேடு சொல்வதுதான் கணக்கு.

ஸ்டெப்னி, சாமான் பெட்டி, காரிலிருந்து கழற்றிய டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிறுத்தும் டங் ஜாக்கி எல்லாமே வழக்கமாக டங்கின் மேல்தான் ஏறுகின்றன. அங்கே ஏறும் ஒவ்வொரு பவுண்டிலும் பெரும்பங்கு நேராக ஹிட்ச் பந்தின் மேல் விழும். கணக்கு எளிது: பொருளின் எடையை, ஆக்சிலிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, ஆக்சிலிலிருந்து கப்ளர் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் போதும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆக்சிலிலிருந்து கப்ளர் வரை 100 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் டிரெய்லர் 270 பவுண்டு, அதன் டங் வெயிட் 40. பைக் 480 பவுண்டு (சுமார் 218 கிலோ), அதன் எடை மையம் ஆக்சிலுக்கு 10 அங்குலம் முன்னால் நிற்கிறது. பைக்கால் சேர்வது 48. ஆக மொத்தம் 750 பவுண்டுக்கு டங் வெயிட் 88, அதாவது 11.7 சதவீதம். அருமையான இடத்தில் இருக்கிறது.

இப்போது சாமான்களை ஏற்றுவோம். 22 பவுண்டு ஸ்டெப்னி, ஆக்சிலிலிருந்து 75 அங்குலம் தள்ளி: 16.5 பவுண்டு சேர்கிறது. நிரப்பிய சாமான் பெட்டி 40 பவுண்டு, அதே தூரம்: 30. டங் ஜாக்கி 12 பவுண்டு, 85 அங்குலத்தில்: ஏறக்குறைய 10. மொத்த எடை 824 ஆகிறது, டங் வெயிட் 144-க்கு மேல் போய்விடுகிறது. 17.5 சதவீதம்! 74 பவுண்டு சாமான் செய்த வேலை இது. பைக்கை வெறும் 6 அங்குலம் பின்னால் நகர்த்தினால் 29 பவுண்டு குறைந்து 14 சதவீதத்துக்கு வந்துவிடும். வீல் சாக்கை முதலிலேயே போல்ட் போட்டிருந்தால் அந்த 6 அங்குலத்துக்காகத் தளத்தில் மறுபடி நான்கு துளை போட வேண்டியிருக்கும்.

உங்கள் டிரெய்லரில் அளக்க வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மெஷினே போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மெஷின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி அதன் தலையில் கப்ளரை உட்கார வையுங்கள். கப்ளரின் உயரம், காரில் பந்து இருக்கும் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் எண் மாறிவிடும். மரத்துண்டின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரியான ஸ்டெப்னி எது

ஓடும் சக்கரம் எந்த அளவோ அதே அளவு, அதே லோட் ரேஞ்ச் (டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும் எழுத்து). டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். 4.80-12 டயரில் லோட் ரேஞ்ச் பி என்றால் 60 பிஎஸ்ஐ காற்றில் 780 பவுண்டு தாங்கும், சி என்றால் 90 பிஎஸ்ஐ காற்றில் 990 பவுண்டு. ஓடுவது சி, ஸ்டெப்னி பி என்று வாங்கிவிட்டால் சாலையோரத்தில் மாட்டிய பிறகு ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக ஓடும். டயரையும் ரிம்மையும் தனித்தனியாக வாங்காமல், பொருத்தி காற்றடித்த சக்கரமாகவே வாங்குவது நல்லது. டிராக்டர் சப்ளை போன்ற கடைகளில் இந்த அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும்.

ரிம்மின் துளைகளைக் கவனியுங்கள். சின்ன டிரெய்லர்களில் இரண்டு வகைதான் அதிகம்: 4 அங்குல வட்டத்தில் 4 துளை, 4.5 அங்குல வட்டத்தில் 5 துளை. நான்கு துளை என்றால் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளையில் நேர் எதிரில் துளை இல்லாததால் பலரும் குழம்புகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளங்கள். சுமார் 67 மில்லிமீட்டர் வந்தால் அது 4.5 அங்குல வட்டம். நடுத்துளை உங்கள் ஹப்பின் (ஆக்சில் முனையில் சுற்றும், சக்கரத்தைப் பூட்டும் பாகம்) மேல் உட்காருகிறதா என்பதைக் கடையிலிருந்து வந்தவுடன் ஒருமுறை மாட்டிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள், தயாரான வாரமும் ஆண்டும். 1824 என்றால் 2024-இன் 18-வது வாரம். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து போவதைவிட வெயிலில் காய்ந்து வெடித்துத்தான் அதிகம் போகின்றன. ஆறு வயதைத் தாண்டிய ஸ்டெப்னியை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம்.

எங்கே மாட்டுவது

மூன்று இடங்கள் உண்டு. டங்கின் பக்கவாட்டில் நிமிர்த்தி மாட்டலாம், தளத்தின் முன்விளிம்பில் உள்ள தடுப்புக் கம்பியில் மாட்டலாம், அல்லது சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடலாம். அடியில் போடுவது எடைக்கு நல்லதுதான். ஆனால் 12 அங்குல ரிம் உள்ள டிரெய்லர் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஓடும் டயரும் தட்டையாகிவிட்டால் அடியில் கைவிட்டு ஸ்டெப்னியை எடுப்பது பெரும்பாடு. தடுப்புக் கம்பி மெல்லிய குழாய் என்றால் குலுக்கலில் வெல்டிங் விட்டுப்போகும். என் தேர்வு டங்கின் பக்கவாட்டுதான், தளத்தை ஒட்டி, முடிந்தவரை ஆக்சில் பக்கமாக. கப்ளரை நோக்கி நகர நகர டங் வெயிட் கூடும், காருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியும் குறையும்.

எந்த போல்டையும் இறுக்கும் முன் ஒரு ஒத்திகை செய்யுங்கள். பிராக்கெட்டை கயிற்றால் டங்கில் கட்டி, ஸ்டெப்னியைத் தொங்கவிட்டு, டிரெய்லரைக் காரில் மாட்டுங்கள். பிறகு இவற்றையெல்லாம் பாருங்கள்:

- காரின் பின்கதவு முழுதாகத் திறக்கிறதா? எஸ்.யூ.வி.யின் மேல்நோக்கித் திறக்கும் கதவு கீழே இறங்கி வரும்போதுதான் டயரிலோ ஜாக்கியின் கைப்பிடியிலோ இடிக்கும்.
- காலியான இடத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, இருபக்கமும் முழுதாக மடக்கிப் பாருங்கள். பம்பரின் மூலை டயரைத் தொடக் கூடாது. ஒருவரை வெளியே நிறுத்தி பார்க்கச் சொல்லுங்கள்.
- பைக்கை ஏற்றி இறக்கும்போது உங்கள் கால் வைக்கும் இடத்தில் டயர் நீட்டிக்கொண்டிருக்கிறதா?
- மடித்து நிமிர்த்தி வைக்கும் வகை டிரெய்லர் என்றால், ஸ்டெப்னியோடு அது மடிகிறதா?

எந்தப் பக்கம் என்றால், சாலையோரம் இருக்கும் பக்கம். அமெரிக்காவில் அது வலப்பக்கம். டயர் எடுக்க நீங்கள் குனிந்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வண்டிகள் போகக் கூடாது.

பிராக்கெட்டை மாட்டும் முறை

கடையில் கிடைக்கும் பிராக்கெட் பெரும்பாலும் ஆங்கில எல் எழுத்து போல வளைத்த தடித்த தகடு. ஒரு பக்கத்தில் டங்கைச் சுற்றிப் பிடிக்க யு போல்ட்கள், மறுபக்கத்தில் சக்கரத்தின் இரண்டு துளைகளுக்குள் நுழையும் ஸ்டட்கள். வாங்கும் முன் டங்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2 அங்குலக் குழாய்க்குச் செய்த யு போல்ட் 3 அங்குலச் சட்டத்தில் ஏறாது.

முதலில் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். விளக்குகளுக்கான நான்கு வயர்களும் டங்கின் உள்ளேயோ, அடிப்பக்கத்தை ஒட்டியோதான் ஓடும். யு போல்ட்டை அதன் மேலேயே வைத்து இறுக்கினால் உறை நசுங்கும். அன்றைக்கு எல்லா விளக்கும் எரியும், சில மாதம் கழித்து மழை நாளில் ஃபியூஸ் போகும். வயரைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, பிளாஸ்டிக் குழாயில் போட்டு, டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

பிராக்கெட்டுக்கும் டங்குக்கும் நடுவே மெல்லிய ரப்பர் தாள் ஒன்று வையுங்கள், பழைய டியூபை வெட்டிய துண்டு போதும். பெயின்ட் உரசிப் போகாது, நழுவவும் செய்யாது. யு போல்ட்டின் திறந்த பக்கத்துக்கு அகலமான தகடு கொடுத்து நைலாக் நட் (உள்ளே நைலான் வளையமுள்ள, எளிதில் தளராத நட்) போடுங்கள். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பல டிரெய்லர்களில் டங் மெல்லிய தகடுதான். பலம் இருக்கிறதே என்று முழுவேகத்தில் இறுக்கினால் குழாயின் சுவர் உள்வாங்கும். அப்படிக் குழி விழுந்த இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். நட் இறுகிய பிறகு குறைந்தது இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் நீண்டிருப்பதை அறுத்துவிட்டு, அறுத்த முனையில் துத்தநாக பெயின்ட் தடவுங்கள்.

துளை போட்டே ஆக வேண்டிய பிராக்கெட் என்றால் டங்கின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் தொடாதீர்கள். சுமையில் டங் வளையும்போது மேலும் கீழும்தான் இழுவிசையும் அழுத்தமும் அதிகம். செங்குத்துச் சுவரின் நடு உயரத்தில் போடும் சிறு துளையால் பலம் அவ்வளவாகக் குறையாது. கப்ளரை மாட்டியிருக்கும் போல்ட்களின் பக்கத்தில் போகவே வேண்டாம்.

சக்கரத்தை மாட்டும்போது வால்வு உங்கள் பக்கம் பார்த்து இருக்கட்டும். காற்று பார்க்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டியிருந்தால் ஒருநாளும் பார்க்க மாட்டோம். 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய ஸ்டெப்னியில் 20 மட்டும் இருப்பது மிகச் சாதாரணமாகக் காணும் காட்சி. திருட்டுக்குப் பயந்தால் ஒரு ஸ்டட்டில் பூட்டும் நட் போடுங்கள், சாவியைக் காரின் சாவிக்கொத்திலேயே சேர்த்துவிடுங்கள். வெளியே நிற்கும் டிரெய்லர் என்றால் வெயில் படாமல் டயருக்கு ஓர் உறை.

ஜாக்கியும் ஸ்பேனரும் இல்லாமல் ஸ்டெப்னி வெறும் பாரம்

காரோடு வந்த வீல் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏராளம். டிரெய்லரில் பெரும்பாலும் அரை அங்குல ஸ்டட், அதன் நட்டுக்கு முக்கால் அங்குலமோ 13/16 அங்குலமோ உள்ள சாக்கெட் வேண்டும். இன்றைய கார்களில் மில்லிமீட்டர் அளவு. காரின் ஜாக்கியும் சந்தேகம்தான்: காரின் விளிம்பைப் பிடிக்கச் செய்த அதன் தலை டிரெய்லர் சட்டத்தில் வழுக்கும்.

எனவே வீட்டிலேயே முழு ஒத்திகை அவசியம். பைக்கை ஏற்றிக் கட்டுங்கள். டிரெய்லர் காரில் மாட்டியபடியே இருக்கட்டும், காருக்கு ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒரு சக்கரத்தின் காற்றை முழுதும் இறக்குங்கள். மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நட்களை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். இப்போது உங்கள் ஜாக்கி சட்டத்துக்கு அடியில் நுழைகிறதா? இங்கேதான் பலருக்கும் உண்மை தெரியவரும். பாட்டில் ஜாக்கி நிமிர்ந்து நிற்கவே இடமிருக்காது. கத்தரி ஜாக்கி நுழைந்துவிடும். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி கொடுக்காதீர்கள், குழாய் வளைந்தால் சக்கரங்களின் நேர்கோடு போய்விடும். ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சட்டத்துக்கே கொடுங்கள். மண்ணில் புதையாமலிருக்க ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டையும் சாமானோடு சேர்த்துவிடுங்கள். புதுச் சக்கரம் ஏற இன்னும் உயர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்: தட்டையான டயர் வெளிவரப் போதுமான உயரம், காற்று நிறைந்த டயர் உள்ளே போகப் போதாது.

மாட்டிய பிறகு நட்களை நேர் எதிரெதிராக, மூன்று தவணையாக இறுக்குங்கள். 12 அங்குல ரிம், அரை அங்குல ஸ்டட் என்றால் 20 அடி-பவுண்டில் தொடங்கி, 35-க்குப் போய், கடைசியில் ஆக்சில் கையேடு சொல்லும் அளவுக்கு. பொதுவாக அது 50 முதல் 75-க்குள் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உணர்வில் இறுக்குவதை நான் ஏற்க மாட்டேன். சின்ன ரிம்மின் மெல்லிய தகடு, அதிகம் இறுகினாலும் கெடும், குறைவாக இறுகினாலும் கெடும்.

டயர் இருந்தும் நின்றுபோகும் இடம்: பேரிங்

சின்ன டிரெய்லர் நடுவழியில் நிற்பதற்கு டயரைப் போலவே இன்னொரு காரணம் பேரிங். கிரீஸ் வற்றி பேரிங் எரிந்துவிட்டால் எத்தனை ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. நீண்ட பயணம் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஸ்டெப்னி பிராக்கெட்டோடு ஓர் உபரி ஹப்பும். பேரிங், கிரீஸ், சீல் எல்லாம் ஏற்கெனவே உள்ளே போட்ட முழு ஹப்பாகவே விற்கிறார்கள். சில பிராக்கெட்களில் அதை மாட்டவும் ஒரு முளை இருக்கும், ஹப்பின் மேலேயே ஸ்டெப்னியைப் பூட்டிவிடலாம். இடமும் மிச்சம்.

ஹப் வாங்கும் முன் ஆக்சில் முனையின் அளவு தெரிய வேண்டும். பழைய பேரிங்கின் விளிம்பிலேயே எண் பொறித்திருக்கும். எல் 44643 என்றால் 1 அங்குல முனை, எல் 44649 என்றால் 1-1/16 அங்குலம். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மாற்றி வாங்கினால் ஏறாது அல்லது ஆடும். அதோடு ஒரு இடுக்கி, புது காட்டர் பின் இரண்டு, கையுறை, பழந்துணி. பயணத்தில் எங்கே நிறுத்தினாலும் இறங்கியவுடன் இரண்டு ஹப்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கேயே பார்க்க வேண்டும்.

டங் ஜாக்கி, சாமான் பெட்டி

டங் ஜாக்கிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழே சிறு சக்கரமுள்ள, பக்கவாட்டில் மடங்கும் 1,000 பவுண்டு வகை போதும். ஓடும்போது மடித்து, அதன் லாக் பின் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள், கைப்பிடி சுற்ற இடம் விட்டு.

சாமான் பெட்டியைச் சின்னதாகவே வாங்குங்கள் என்று வற்புறுத்துவேன். பெரிய பெட்டி வாங்கினால் பெரிய பெட்டி அளவுக்குச் சாமான் சேரும், மேலே போட்ட கணக்கில் அந்த 40 பவுண்டு எளிதாக 80 ஆகும். கனமான சங்கிலி, உபரி ஸ்ட்ராப் இவற்றையெல்லாம் டங்கில் ஏற்றாமல் காரிலோ, ஆக்சிலுக்கு நேர் மேலேயோ வையுங்கள். ஆக்சிலின் மேலே வைத்த எடை டங் வெயிட்டைத் தொடுவதேயில்லை.

இப்போதுதான் வீல் சாக்

ஸ்டெப்னி, ஹப், ஜாக்கி, நிரப்பிய பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில். வீல் சாக்கை போல்ட் போடாமல் தளத்தில் வைத்து, பைக்கை ஏற்றி, இருவர் பிடித்துக்கொள்ள, எடை மெஷினைப் பாருங்கள். 12, 13 சதவீதம் வரும்வரை பைக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, கிடைத்த இடத்தை சாக்பீஸால் குறியுங்கள்.

வெறும் பிளைவுட்டில் வீல் சாக்கைப் பூட்டினால் பிரேக் போடும் ஒரு தருணத்தில் பலகை கிழியும். கீழே ஓடும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் இறங்க வேண்டும். சட்டம் நாம் குறித்த இடத்தில் இல்லையென்றால் அடியில் ஒரு இரும்புப் பட்டையை இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்கே போட்டு அதில் இறக்குங்கள்.

கட்டும் வளையங்கள் நான்கு. முன்னிரண்டும் ஹேண்டில்பாருக்கு முன்னால், வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும், ஸ்ட்ராப் பைக்கைக் கீழேயும் முன்னேயும் சேர்த்து இழுக்கும்படி. அதனால்தான் வளையங்களை வீல் சாக்குக்குப் பிறகு போடச் சொல்கிறேன். இவையும் இரும்பில்தான் பிடிக்க வேண்டும். ஸ்ட்ராப் வாங்கும்போது அறுந்துபோகும் எடையைப் பார்க்காமல், பயன்பாட்டுக்கான எடை வரம்பைப் பாருங்கள், அது மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஹேண்டில்பார் கீறாமலிருக்கத் துணி வளையங்களைப் போட்டு அதில் கொக்கியை மாட்டுங்கள். முன் ஃபோர்க் ஏறக்குறையப் பாதி அழுங்கும்வரை இறுக்கினால் போதும். அடிமட்டம் வரை இறுக்கினால் சீல் கசியும், குழியில் விழும்போது கொக்கி கழன்றுவிடும் என்ற பயமும் போகாது. பின்னிரண்டு ஸ்ட்ராப்களின் வேலை பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் பார்ப்பது மட்டும்.

விளக்கும் வயரும்

நான்கு முனை தட்டையான இணைப்பில் நிறங்கள் மாறாது: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் விளக்கு, மஞ்சள் இடப்பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலப்பக்கம். போல்ட் போட்டுச் சேர்த்த டிரெய்லரில் விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் எர்த்தான் காரணம். பெயின்ட் பூசிய சட்டங்கள் போல்ட் வழியாக மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரம் சரியாகத் திரும்பாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு வெள்ளை வயர் இழுத்துவிடுங்கள். பழைய பல்பு விளக்கை எடுத்துவிட்டு நீர் புகாத எல்.இ.டி. விளக்காக மாற்றும் வேலையையும் இந்தச் சமயத்திலேயே முடித்துவிடலாம். ஸ்டெப்னியோ பெட்டியோ பக்கவாட்டு மஞ்சள் பிரதிபலிப்பானை மறைத்தால் அதை நகர்த்தி மாட்டுங்கள்.

முதல் ஓட்டம்

பைக் ஏற்றி, பெட்டி நிரப்பி, கடைசியாக ஒருமுறை டங் வெயிட் பாருங்கள். கப்ளரை மூடி, லாக் பின் போட்டு, பாதுகாப்புச் சங்கிலிகளை டங்குக்கு அடியில் குறுக்கே மாற்றிக் கொக்கியில் மாட்டுங்கள். புதிதாக மாட்டிய ஸ்டெப்னி அந்தச் சங்கிலிகளின் பாதையில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிரெய்லர் டயர்களில் வேறு அளவு குறிப்பிடாவிட்டால் மணிக்கு 65 மைல்தான் வரம்பு. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55. முதல் ஓட்டத்தை 10 மைலில் நிறுத்தி வீல் நட்களை டார்க் ரெஞ்சால் பாருங்கள், பிறகு 25 மைலில், பிறகு 50-இல். ஸ்ட்ராப்கள் முதல் சில மைலிலேயே கொஞ்சம் தளரும், பைக் தளத்தில் நன்றாக உட்காருவதால் அப்படி ஆகும். மறுபடி இழுத்துக் கட்டுங்கள். ஸ்டெப்னியைக் கையால் பிடித்து பலமாக ஆட்டிப் பாருங்கள். பிராக்கெட்டோடு டிரெய்லரே அசைந்தால் சரி. டயர் மட்டும் தனியாக அசைந்தால் ரப்பர் தாள் அழுந்தி யு போல்ட் தளர்ந்திருக்கும், அரைச் சுற்று இறுக்குங்கள். முதல் மாதம் ஓட்டிய பிறகு இன்னொருமுறை பாருங்கள்.